பாட்டைக் கேட்டதும் வாயைத் திறப்பாள்

1

நூலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். என் மகள் இனியா மட்டும் சிரிக்கவில்லை. வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் நடுவில், என் முன்னால் வந்து நின்று, வாயை ஆவென்று திறந்துகொண்டு காத்திருந்தாள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். இங்கே வாரத்தில் ஒரு காலை, இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை நூலகத்தில் உட்காரவைத்துப் பாட்டுப் புத்தகம் படித்துக் காட்டுவார்கள். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், அதற்குக் கீழே இரண்டு வரிப் பாட்டு. படித்துக் காட்டுகிற அம்மாவின் பெயர் ஹெலன். அன்று அவர், வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் தங்கள் மொழியில் ஒரு பிள்ளைப் பாட்டுச் சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டார். ஒரு போலந்துப் பெண் கைதட்டிக்கொண்டே சொன்னாள். அடுத்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் நான் ஒருவன்தான் ஆண்.

நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகியவன் இல்லை. திருச்சி பெரிய கடைவீதியில் பாத்திரக் கடையில் நின்ற காலத்திலும், பாத்திரத்தை எடுத்து வைப்பதோடு சரி, பேசுவதெல்லாம் முதலாளி. ஆனாலும் மகள் பார்க்கிறாளே என்று, வாயில் வந்த ஒரே பாட்டைச் சொன்னேன்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸு வருது,
ஒதுங்கி நில்லு காக்கா.
கண்ணாடி வழியா எட்டிப் பாத்து
கையை ஆட்டுது பாப்பா.

இரண்டாவது வரியிலேயே இனியா எழுந்துவிட்டாள். நான்காவது வரி முடிந்தும் வாயை மூடவில்லை. கடைசியில் சந்தேகம் வந்து, "சாப்பாடு எங்கே டாடி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எங்கள் ஊரில் பாட்டு சாப்பாட்டோடு சேர்ந்து வரும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஹெலனிடம் சொன்னேன்.

"எல்லாப் பாட்டுமா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

அதை நான் யோசித்ததே இல்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கையில் சோறு இல்லாமல் யாராவது எனக்குப் பாட்டுச் சொல்லியிருக்கிறார்களா? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

2

என் மனைவி ஜெயா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைதான் எங்களைக் கூட்டிவந்தது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள் இனியா. நான் வார இறுதியில் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போகிறேன், மற்ற நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சோறு ஊட்டுவது நான்தான். இடுப்பில் தூக்கிக்கொண்டு, கிண்ணத்தோடு வாசல் பக்கத்து ஜன்னலில் நிற்பேன். இந்தத் தெருவில் ஒண்ணாம் நம்பர் பஸ் வராது. வருகிற பஸ்ஸுக்கு வேறு நம்பர், வேறு நிறம். காக்கா மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. ஆகவே பாட்டு ஒருவாறு ஓடிவிட்டது.

ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்கள் பிறகு வந்தன. குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ் அம்மா ஒரு பையில் இரண்டு கெட்டி அட்டைப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று, காலுறையைத் தொலைத்த கரடியின் கதை. நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன். அதுவும் எப்படி என்று வாத்தியார்களைத்தான் கேட்க வேண்டும். விரலை வைத்து வைத்துப் படித்தேன். நான் கரடி என்று படித்தது, அடுத்த அறையிலிருந்த ஜெயாவுக்கு 'பீர்' என்று குடிக்கிற சாமான் பெயராகக் கேட்டிருக்கிறது. மூன்று வயதில் இனியா என்னைத் திருத்த ஆரம்பித்தாள். "அப்படி இல்ல டாடி" என்று உதட்டைக் குவித்துச் சொல்லிக்காட்டுவாள்.

அந்தப் புத்தகங்கள் எனக்கே பிடித்துப்போயின என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டு வரி, இரண்டு வரி. ஒரு வரியின் கடைசிச் சொல்லும் அடுத்த வரியின் கடைசிச் சொல்லும் ஒன்றையொன்று கூப்பிடும். ஹெலன் அதில் ஒரு வித்தை வைத்திருந்தார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, புருவத்தைத் தூக்குவார். பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலாக அந்தச் சொல்லைக் கத்தும். புத்தகத்தைப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட அடுத்த சொல் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். இங்கே பாட்டு மடியில் நடக்கிறது. பிள்ளையின் முதுகு நம் நெஞ்சில் சாய்ந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்ப்போம். நம்ம ஊரில் பாட்டு இடுப்பில் நடக்கிறது. பிள்ளையின் கண் தெருவில் இருக்கும், வாய் மட்டும் நம்மிடம் இருக்கும். எது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் இவ்வளவு வேறாக இருப்பது எனக்கு அதிசயமாக இருந்தது.

மடிப்பாட்டு எல்லாம் ஆங்கிலம், இடுப்புப்பாட்டு மட்டும் தமிழ் என்று எங்கள் வீட்டில் ஆகிவிட்டது. நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் இனியாவுக்குப் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஆங்கிலம் வராது. வாய் நிறையச் சோறு இருந்தால் எந்த மொழியும் வராது என்பது வேறு விஷயம்.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். செப்டம்பரில் சேர வேண்டும். ஒரு படிவம் கொடுத்தார்கள்: வீட்டில் என்ன மொழி, தானாகக் கழிப்பறை போவாளா, தானாகச் சாப்பிடுவாளா. கடைசிக் கேள்வியில் 'சில நேரம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஜெயா பேனாவை வாங்கி 'இல்லை' என்று மாற்றினாள். டீச்சர் கோபிக்கவில்லை. "மதியம் பெரிய ஹாலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். யாரும் ஊட்டிவிட மாட்டார்கள். அதற்குள் பழகிவிடுவாள், இல்லையா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் ஜெயா ஆரம்பித்தாள்.

"ஏங்க, நாலு வயசு ஆகப்போவுது. இன்னும் இடுப்புல வச்சுக்கிட்டு காக்கா காட்டுறீங்க."

"இந்த சம்மர் முடியட்டும். நிறுத்திடலாம்."

"இதையேதான் போன சம்மருக்கும் சொன்னீங்க."

"ஊட்டுறப்பதான் ஜெயா அவ தமிழ் கேக்குறா. அதையும் விட்டுட்டா அப்புறம் எங்கிட்ட தமிழ்ல என்ன இருக்கு அவளுக்கு?"

"அப்ப அவளுக்குப் பசிக்குதுன்னு ஊட்டல. உங்களுக்குப் பசிக்குதுன்னு ஊட்டுறீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. சரியாக இருந்தாலும் என் பயம் போகவில்லை. தானாகச் சாப்பிடப் பழகாவிட்டால் அந்த ஹாலில் பிள்ளை பட்டினி. பழகிவிட்டால் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற கடைசித் தமிழும் போச்சு.

3

ஆடி மாதம் ஊருக்குப் போனோம். ஜெயாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் இனியாவும் மட்டும். அக்கா விஜயாவின் வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. வாசல் அறையில் தையல் மெஷின். ரவிக்கை தைக்க வருகிறவர்கள் எல்லாரிடமும், நான் போனில் சொன்ன நூலகக் கதையை அக்கா ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள்.

"ஏன்டா சேகரு, உம் பொண்ணு பாட்டு கேட்டா வாயைத் தொறப்பாளாமே? நீ பாடி நான் கேட்டிருந்தா காதைல்ல பொத்தியிருப்பேன்."

இனியாவைத் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்துக்கு இழுக்கலாம் என்பது என் திட்டம். படம் இருந்தால் மடியில் உட்காருவாள். சாப்பாடு இல்லாமலே பாட்டுக் கேட்கப் பழகுவாள். அக்கா மகள் நித்யா காலேஜ் படிக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு தென்னூரில் ஒரு புத்தகக் கடைக்குப் போனோம்.

"ரைம்ஸ் புக்குங்களா? இருக்கு சார்" என்று கடைக்காரர் ஓர் அடுக்கை இறக்கினார். எல்லாம் ஆங்கிலம்.

"தமிழ்ல இருக்குங்களா?"

"தமிழ்லயா? வெளியூருங்களா சார் நீங்க?"

நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆங்கில அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். பாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. அணில் பாட்டில், அதன் முதுகில் மூன்று கோடு எப்படி அழகாக ஓடுகிறது என்று நாலு வரி இருந்தது. படத்தில் இருந்த அணிலுக்கு ஒரு கோடும் இல்லை. சாம்பல் நிறத்தில், குண்டாக, புசுபுசு வாலோடு எங்கள் இங்கிலாந்துத் தோட்டத்து அணில். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இனியா அதை அடையாளம் கண்டுகொண்டு சந்தோஷப்பட்டாள். மறுநாள் அக்கா வீட்டு மதிலில் கோடு போட்ட அணில் ஓடியபோது, "யார் டாடி இது மேல வரைஞ்சது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. புத்தகத்தில் பார்த்து வெளியே தேடுகிறாள் இவள். நான் வெளியே பார்த்துத்தான் பாட்டைக் கற்றேன். அந்தப் பஸ்ஸும் காக்காவும் எங்கள் வாசலில் நிஜமாக நின்றவை. ராஜகோபுரத்துப் பக்கம் அப்போது எங்கள் வீடு. பஸ் திரும்புவது தெரியும். சரி, அந்தப் பாட்டு யாருடையது? இத்தனை வருடம் பாடியும் இதைக் கேட்டதில்லை. அக்கா பட்டன் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அக்கா, அந்த ஒண்ணாம் நம்பர் பஸ் பாட்டு, அம்மா கட்டுனதா?"

"அம்மாவுக்கு எங்கடா நேரம். நான் கட்டுனது."

"நீயா?"

"பின்ன? உனக்குச் சோறு ஊட்டுறது எந் தலையில. நீ ஒரு வாய் வாங்கிட்டு கன்னத்துல அடக்கிட்டு உக்காந்திருப்ப. தெருவுல புள்ளைங்க எல்லாம் பாண்டி ஆட ஆரம்பிச்சிருக்கும். பஸ்ஸக் காட்டுனா ஆன்னு வாயைத் தொறப்ப. ஒரு நாளு பஸ்ஸே வரல. சரின்னு நான் வாயாலயே ஒரு பஸ்ஸ விட்டேன்."

"மிச்சப் பாட்டு?"

"இருந்துச்சு, மறந்துபோச்சு. கிண்ணம் காலியானா பாட்டும் முடிஞ்சுரும். அதுக்கு மேல என்னத்துக்கு? நான் வெளையாடப் போக வேணாமா?"

அவள் ஊசியில் நூலைக் கோக்கப் போய்விட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பாட்டு என்றால் பெரிய மனிதர்கள் யோசித்து எழுதி அச்சில் வருவது என்று நினைத்திருந்தேன். பாண்டி ஆட அவசரப்பட்ட ஒரு பெண் அதைக் கட்டியிருக்கிறாள்.

4

நித்யாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "மாமா, நம்மளே படம் புடிச்சு புக்கு போட்டுரலாம். நாலு வரி, நாலு பக்கம்."

மறுநாள் காலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். பஸ் ஒழுங்காக நின்றது. காக்காதான் நிற்கவில்லை. நித்யா பொரியைப் போட்டாள். காக்கா வந்தது, போன் எடுப்பதற்குள் பறந்தது. கண்டக்டர் படியில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, காக்காவுக்கு டிக்கெட் போடணுமா?"

"பஸ்ஸோட சேத்து ஒரு போட்டோங்க. பாட்டுப் புக்குக்கு."

"அப்ப பொரி போதாதும்மா, வடை போடு. ஸ்ரீரங்கத்துக் காக்கா."

வடையில் ஒரு துண்டு போட்டதும் காக்கா நின்றது. மூன்றாவது படத்துக்கு இனியாவையே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தோம். நான்காவதுக்குக் கையை ஆட்டச் சொன்னேன். என்னைப் போலவே கூச்சம். கையைத் தூக்கவே இல்லை. பின் சீட்டில் இருந்த ஒரு பாப்பா, யாரும் சொல்லாமலே கையை ஆட்டியது. அதையே நான்காவது பக்கத்துக்கு வைத்துக்கொண்டோம், அதன் அம்மாவிடம் கேட்டுவிட்டு. தென்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து, சுருள் கம்பி போட்டு வாங்கி வந்தோம்.

மதியம் சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு, இனியாவை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஹெலன் செய்வதுபோலச் செய்தேன். 'ஒதுங்கி நில்லு' என்று சொல்லி நிறுத்திப் புருவத்தைத் தூக்கினேன்.

இனியா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. திறந்தபடி இருந்தாள்.

"மாமா, ஏதாவது போட்டுருங்க மாமா. பாக்கவே பாவமா இருக்கு" என்றாள் நித்யா.

எனக்குச் சோர்வாகிவிட்டது. 'காக்கா' என்று நானே முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, என் நெஞ்சில் சாய்ந்திருந்த தலைக்குள்ளிருந்து "கண்ணாடி" என்று ஒரு குரல் வந்தது.

திரும்பவும் முதலிலிருந்து படித்து, இந்த முறை வேண்டுமென்றே அதே இடத்தில் நிறுத்தினேன். "கண்ணாடி" என்றாள். இங்கிலீஷ்ப் பாட்டில் சொல்லும் சொல்லும் ஒன்றையொன்று கூப்பிடுகிற மணி வரியின் கடைசியில் அடிக்கிறது. எங்கள் அக்காவின் பாட்டில் மணி வரியின் தலையில் அடிக்கிறது. ஒண்ணாம் என்று அது தொடங்கிவிட்டால் கண்ணாடி எங்கே வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாய் சோற்றை எடுக்கிற இடமும் அதுதான் என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. நான் இத்தனை நாள் தவறான இடத்தில் காத்திருந்திருக்கிறேன்.

அந்தச் சந்துப் பிள்ளைகள் இனியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலப் பனிப் பாட்டை அபிநயத்தோடு பாடிக்காட்டுவார்கள். "நெசமாவே ஐஸ் மேல இருந்து விழுமா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். இனியா ஆங்கிலத்தில் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, "மெதுவா விழும். ஜில்லுனு இருக்கும்" என்றாள். நான் உள்ளே சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே போகவில்லை, போனால் நிறுத்திவிடுவாள்.

ஆனால் சாப்பாட்டு விஷயம் அப்படியேதான் இருந்தது. தட்டு வந்தால் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்ப்பாள். அக்காவோ, "புள்ளைக்குப் பசிக்குது, ஊட்டுடா" என்று அதட்டுவாள். போனில் ஜெயாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

5

திரும்பி வந்த மறுநாளே ஜெயா சட்டம் போட்டாள். இனி யாரும் ஊட்டுவதில்லை. முதலில் அழுகை, பிறகு சிந்தல், பிறகு ஒரு நாள் ஸ்பூன் சரியாக வாய்க்குப் போனது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குப் போகவில்லை. எங்கே பாட்டை எடுத்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவாளோ என்று அதையும் விட்டுவிட்டேன். இனியா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

"ஏன் இப்படி உம்முனு இருக்கீங்க?" என்றாள் ஜெயா.

"ஒண்ணும் இல்ல."

"பாடுங்களேன். நான் ஊட்ட வேணாம்னுதானே சொன்னேன், பாட வேணாம்னா சொன்னேன்?"

முயன்று பார்த்தேன். வெறும் கையோடு பாட எனக்குத்தான் வரவில்லை. பஸ் புத்தகத்தைச் சில நாள் கேட்டாள். பிறகு காலுறை தொலைத்த கரடி மறுபடி மடிக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் தொடங்கியது. மாலையில் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டால் ஆங்கிலத்தில் ஆமாம் என்பாள். நான் பயந்தது நடந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். பிள்ளை பட்டினி கிடக்கவில்லை. அந்த மட்டும் நிம்மதி என்று சொல்லிக்கொண்டேன்.

இலை கொட்டத் தொடங்கிய ஒரு மாலையில், பள்ளி வாசலில் மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்னைத் தேடி வந்தார். "நீங்கள்தானே இனியாவின் அப்பா?" புகார் என்று நினைத்து, ஏதாவது தப்பு செய்துவிட்டாளா என்று கேட்டேன்.

"இல்லை, இல்லை. அவள் மேசையில் உட்காருகிற பிள்ளைகள் எல்லாம் பட்டாணி வைக்கும் நாளில் என்னவோ சேர்ந்து சொல்கிறார்கள். அது என்னவென்று எங்களுக்குத் தெரிய வேண்டும்."

இனியாவைச் சொல்லச் சொன்னார். அவள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளோடு வந்த மெலனி என்ற பெண்தான், பழுப்பு முடியும் ஒரு பல் விழுந்த வாயுமாக, முன்னால் வந்து சொன்னாள்.

பட்டாணி உருண்டு ஓடுது பாரு,
பட்டுனு புடிடி மெலனி.

தமிழ்தான். நாக்கு அங்கங்கே தடுக்கினாலும் தமிழ். மெலனியின் அம்மா ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அர்த்தம்?" என்றார் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. சொன்னேன். "உங்கள் நாட்டுப் பாட்டா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பாட்டு எங்கள் வீட்டிலும் இல்லை, அக்கா வீட்டிலும் இல்லை. தென்னூரில் வாங்கிய புத்தகத்திலும் இல்லை. மணி மட்டும் வரியின் தலையில் அடித்தது, பட்டாணிக்கும் மெலனிக்கும் நடுவில் லேசாக இன்னொன்று.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"இனியா, பட்டாணிப் பாட்டு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

அவள் நின்று, இதைக்கூடவா ஒருவர் கேட்பார் என்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டாணி கீழ விழுந்துச்சுப்பா" என்றாள்.